துப்பாக்கி உறைக்கு முன் விதி 3

தோழர்களே, ஆவுடையார்கோவில் பக்கம் நாங்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசினால், "தற்காப்புக்கு நமக்கும் துப்பாக்கி கிடைக்குமா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள்.

சட்டத்தில் இடம் உண்டு. 1995ஆம் ஆண்டு விதிகளில் விதி 3, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்கிறது. ஆனால் அதற்கு முன்பாகவே, மற்ற சாதியாரின் உரிமங்களை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம் என்றும் சொல்கிறது.

2014இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென 'நிர்பீக்' ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை அரை கிலோ, கைப்பையில் அடங்கும். அப்போது விலையோ ஒரு லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். நடவுக்குப் போகும் நம் அக்காக்களின் சுருக்குப்பைக்கானதா அது?

2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதை எந்த ரிவால்வர் தடுத்திருக்கும்?

கைப்பிடியும் உறையும் பிறகு பார்ப்போம். நம் வட்டத்தில் துப்பாக்கி உரிமம் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் முதலில் கேட்போம். ஆயுதத்தைச் சமமாக்குவது அல்ல, ஆதிக்கத்தின் ஆயுதத்தை இறக்குவதே நம் கோரிக்கை.