மலை என்றால் ஆன்டிக்ளைனா?

நம்ம சிவில் பிரிவில் ஜியாலஜி என்றாலே பலருக்குக் கொட்டாவி வரும். "ஆன்டிக்ளைன் – மேல்வளைவு, சின்க்ளைன் – கீழ்வளைவு" என்று எழுதி, இரண்டு மார்க் வாங்கியதோடு மறந்துவிடுவோம். எனக்கோ அந்த இரண்டு வார்த்தைகள் மேல் தனிப் பிரியம். காரணம் சொல்கிறேன்.

விரித்த பாயை இரு பக்கமும் உள்ளே தள்ளிப் பாருங்கள். ஓரிடம் புடைக்கும், பக்கத்தில் பள்ளம் விழும். பூமிக்குள் பாறை அடுக்குகளும் பல லட்சம் ஆண்டுகள் நெருக்குண்டு இப்படித்தான் மடிகின்றன. புடைப்பு ஆன்டிக்ளைன், பள்ளம் சின்க்ளைன். ‘க்ளைன்’ என்பதன் கிரேக்க வேருக்குச் சாய்தல் என்று பொருள். அடுக்குகள் எதிரெதிராக விலகிச் சாய்ந்தால் ‘ஆன்டி’. ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தால் ‘சின்’.

"அப்போ மலையெல்லாம் ஆன்டிக்ளைன், பள்ளத்தாக்கெல்லாம் சின்க்ளைன். அவ்வளவுதானேடா?" என்றான் என் ரூம்மேட். விஷயமே அங்கேதான் இருக்கிறது!

மடியும்போது மேல்வளைவின் உச்சி இழுபட்டு வெடிக்கிறது. மழைத்தண்ணீர் அதில் புகுந்து அரிக்க, காலப்போக்கில் புடைப்பே பள்ளத்தாக்காகிவிடலாம். கெட்டிப்பாறை உள்ள கீழ்வளைவு மலையாக நிற்கலாம். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1980-களில் நெடுஞ்சாலைக்காக சைட்லிங் ஹில் என்ற மலையைச் சுமார் 340 அடி ஆழத்துக்கு வெட்டினார்கள். வெட்டிய முகத்தில் தெரிந்தது கிண்ணம் போன்ற அசல் சின்க்ளைன்! வேல்ஸ் நாட்டின் உயரமான ஸ்நோடன் சிகரமும் கீழ்வளைவில்தான் நிற்கிறது.

ஆகவே நிலத்தின் மேடு பள்ளத்தை நம்பக்கூடாது. நடுவில் பழைய பாறை, வெளியே போகப்போக இளைய பாறை என்றால் ஆன்டிக்ளைன். நடுவில் இளையது என்றால் சின்க்ளைன். வயது தெரியவில்லையா? வடிவத்தை மட்டும் சொல்லும் ‘ஆன்டிஃபார்ம்’, ‘சின்ஃபார்ம்’ என்ற வார்த்தைகள் இருக்கின்றன.

இரண்டு மார்க்குக்கு இவ்வளவு தேவையா என்பீர்கள். என் மாமா மலை குடையும் வேலைக்குப் போனவர். "பாறைகூடப் பரவாயில்ல மாப்ளே, உள்ளே திடீர்னு தண்ணி பீறிட்டா அதுதான் எமன்" என்பார். சின்க்ளைனில் அடுக்குகள் இரு பக்கமும் நடுவை நோக்கிச் சாய்வதால் நிலத்தடி நீர் அங்கே வந்து தேங்கும். குடைந்தால் அழுத்தத்தோடு பாயலாம். மேலே மலையைப் பார்த்து ‘ஆன்டிக்ளைன்’ என்று வரைபடத்தில் எழுதிவிட்டால், உள்ளே நிற்பவர்கள் கதி?

நாளை சைட்டில் அந்த வார்த்தையை எழுதப்போவது நாம்தான். பாறையின் சாய்வை அளந்து, வயதை விசாரித்து, பிறகு எழுதுவோம்.

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்