திரும்பப் பெற இயலாத சீட்டு



டெல்லியிலுள்ள மகன் வீட்டுக்குச் செல்ல இருவருக்கும் விமானச்சீட்டு எடுத்தாயிற்று. ரத்து செய்தால் பணம் திரும்பாத வகை. புறப்படப் பத்து நாள் இருக்கையில், "நான் வரவில்லை" என்கிறார் உங்கள் மனைவி. உடனே நம் நாவில் எழுவது பணக் கணக்குதானே?

அதையே முதலில் பார்த்துவிடுவோம். ஒருவர் பெயரிலுள்ள சீட்டில் வேறொருவர் பயணிக்க இயலாது. ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருவரும் இருந்தால், அதைப் பிரித்து அவருடையதை மட்டும் ரத்து செய்யும்படி விமான நிறுவனத்தைக் கேளுங்கள். அடிப்படைக் கட்டணம் போனாலும், வரிகளையும் விமானநிலையப் பயனாளர் கட்டணத்தையும் அவர்கள் திருப்பித் தரவேண்டும். இது நம் நாட்டு விதி. பலர் அதைக் கேட்பதே இல்லை! தேதியை மாற்றுவதானால், அன்றைய கட்டணத்தின் வித்தியாசத்தையும் செலுத்த நேரிடும்.

சரி, அவர் ஏன் மறுத்தார்? முழங்கால் வலி என்றிருப்பார். சென்ற முறை அவ்வீட்டில் கேட்ட ஒரு சொல் இன்னும் உள்ளே வலிக்கிறதோ என்னவோ. நஷ்டத்தைப் பற்றிக் கடிந்துகொண்ட அதே மூச்சில் இதைக் கேட்டால் பதில் வராது. ஒரு நாள் பொறுத்துக் கேளுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள்.

பிறகு நீங்கள் தனியே செல்வதிலும் தவறில்லை. பவுலும் பர்னபாவும் கருத்து வேறுபட்டுப் பிரிந்தபோது, ஒருவர் சீரியா வழியாகவும் மற்றவர் சீப்புருதீவுக்கும் சென்றனர். ஆனால் அவர்கள் ஒரே வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் அல்லர். ஆகையால், மகனிடம் என்ன சொல்வது என்பதை இருவருமாகத் தீர்மானித்துவிட்டுப் புறப்படுங்கள். மருமகளின் பெயரை அதில் இழுக்க வேண்டாம்.