ஏழு நாளில் சிவப்பு

மாஹிம் ரயில் நிலையத்தில் கிழக்கே இறங்கினால் தாராவி. பாதையோரக் கடையொன்றில் முகப்பூச்சு டப்பாக்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள், தோல் பட்டறையில் பை தைக்கும் நெல்லைப் பெண். ஞாயிறன்று தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். கையில் இருப்பது நூறு ரூபாய். "ஏழே நாள்தான் அக்கா, ஆளே மாறிடுவாங்க" என்கிறான் கடைக்காரன். பில் கேட்டால் சிரிக்கிறான். டப்பாவில் தயாரித்தவர் பெயரோ, உரிம எண்ணோ, காலாவதித் தேதியோ கிடையாது.

ஏழு நாளில் நிறம் மாறுகிறதென்றால் (சில சமயம் மாறவும் செய்யும்) சந்தேகிக்க வேண்டியது பாதரசத்தையும் ஸ்டீராய்டையும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உற்பத்தியைப் பாதரசம் தடுக்கிறது. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அகோலாவில் ஒரே குடும்பத்தில் தாய்க்கும் இரு மகள்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023ல் செய்தியானது. காரணம் அவர்கள் பூசிய கிரீமில் இருந்த பாதரசம் என்று மும்பை கே.இ.எம். மருத்துவமனை கண்டறிந்தது.

முகப்பூச்சில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018ல் உத்தரவு வந்தது. நடைபாதை வரை அது நடந்து வரவில்லை.

1975ல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி, 2020ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை உதிர்த்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் இன்னும் உதிர்க்கவில்லை.

சருமம் வறளாமல் காக்க பெட்ரோலியம் ஜெல்லியோ கிளிசரினோ போதும். மெடிக்கல் ஷாப்பில் சிறிய டப்பா நூறு ரூபாய்க்குள் அடங்கும். நிறத்தை மாற்றாது என்பதுதான் அவற்றின் குறை. வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.