ஆக்சென்ட் சேர்

சோபா வந்து இறங்கிய அரை மணி நேரத்தில், இடம் வலம் மாற்றி ஆர்டர் செய்திருக்கிறேன் என்பது தெரிந்துவிட்டது. எல் வடிவ சோபா வாங்கும்போது அதன் குட்டைக் கை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கேட்பார்கள். நான் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு இடது என்று சொன்னேன். கடைக்காரர் கணக்கில் சோபாவுக்கு எதிரே நின்று பார்க்கிறவரின் இடதுதான் இடது. மேற்குச் சுவரை ஒட்டிப் போக வேண்டிய கை கிழக்கே நீண்டு வாசலை மறித்துக்கொண்டது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு அளவு யார் நிற்கும் இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்காமல் வேலையைத் தொடங்காதீர்கள் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதும் நான்தான்.

அது 2020 செப்டம்பர். மார்ச் மாதம் சென்னை அறையைப் பூட்டிவிட்டு, பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு பையோடு கடலூர் வந்தவன், ஆறு மாதமாக மஞ்சக்குப்பம் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு போனது. வாடகை மிச்சமாகியிருந்தது. ஒரு சோபா வாங்கலாம் என்று தோன்றியதற்கு இவ்வளவுதான் காரணம். வண்டிச் செலவு என் தலையில் விழ, பழையதை எடுத்துக்கொண்டு போய் சரியான பக்கத்துச் சோபாவை இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தார்கள்.

இந்த முறை தப்பு செய்யக் கூடாது என்று முன்னேற்பாடு செய்தேன். தினசரித் தாள்களை ஒட்டி, சோபாவின் அளவுக்கே வெட்டித் தரையில் விரித்தேன். கூடம் கிழக்கு மேற்காக 12 அடி, தெற்கு வடக்காக 16 அடி. சோபாவின் நீளக் கை எட்டரை அடி, குட்டைக் கை ஆறு அடி. மூலை தென்மேற்கில் வரும். கன்னி மூலையில் கனம் இருக்கட்டும் என்று அம்மாவுக்கு மகிழ்ச்சி. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒன்றரை அடி விட வேண்டும். அதற்கு மேல் போனால் காபி டம்ளரை எட்டி வைக்க முடியாது, அதற்குக் கீழே போனால் முழங்கால் இடிக்கும். ஆள் நடக்கும் வழிக்கு மூன்று அடி. இதெல்லாம் எங்கும் படிக்கக் கிடைப்பவை. தாளின் மேல் நடந்து பார்த்தபோதுதான் ஒவ்வொன்றும் ஏன் என்று புரிந்தது. அம்மா சமையலறையிலிருந்து தட்டோடு வருவது போல நடந்து காட்டி, "இங்க எனக்கு இடிக்குது" என்று தாளை மிதித்துக் கசக்கினார். அந்த இடத்தில் அரை அடி நகர்த்தினேன்.

எல் வடிவத்துக்கு எதிரே காலியாக இருக்கும் பக்கத்தில் இரண்டு தனி நாற்காலி போட்டால் கூடம் நிறைந்துவிடும். ஆக்சென்ட் சேர் என்று கடையில் சொன்னார்கள். சோபா சாம்பல் நிறம் என்பதால் நாற்காலி கடுகு மஞ்சளில் எடுக்கலாம், ஒன்று 18,000 ரூபாய். படத்தை அப்பாவிடம் காட்டினேன். "ஆக்சென்ட்னா பேசுற தொனி இல்லையாடா?" என்று கேட்டார். ஆமாம், ஆனால் இது வேற, கூடத்துல எடுப்பா தெரியறதுக்கு என்றேன். அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நம்ம நாற்காலி ரெண்டு இருக்கே" என்றார்.

நம்ம நாற்காலி என்பது மொட்டைமாடிப் படிக்குக் கீழே, பழைய சாமான் வாங்குபவருக்காக அம்மா எடுத்து வைத்திருந்த இரண்டு மர நாற்காலிகள். கைப்பிடி உள்ளவை. ஒரு காலத்தில் பிரம்பு பின்னியிருந்தது. அது தொய்ந்து கிழிந்த பிறகு பச்சை வயர் பின்னியதுதான் எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து இருப்பது. பழைய அரசு அலுவலகங்களில் அதிகாரி உட்காரும் நாற்காலியும் இதே அச்சுதான். அதன் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கும்.

அப்பா அவற்றை 1983-ல் சிதம்பரத்தில் வாங்கினார். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஓமக்குளம் பக்கம் ஓர் அறையும் சமையல்கட்டும் மட்டுமான வாடகை இடம். அந்தப் பக்கம் அவருக்குப் பழகிய இடம். சுவாமி சகஜானந்தர் 1916-ல் தொடங்கிய நந்தனார் பள்ளியில்தான் அவர் விடுதியில் தங்கிப் படித்தார். கோயிலுக்குள் விடப்படாத ஒருவரின் பெயரில், அவர் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் குளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது அங்கேதான் என்று அப்பா சொல்வார். அதற்கு முன் படித்த ஊர்ப் பள்ளியைப் பற்றிச் சொல்ல மாட்டார்.

தாத்தா புவனகிரிப் பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர். நாங்கள் இருந்த தெருவுக்கு ஊரில் காலனி என்று பெயர். எங்கள் குடும்பத்தில் யாரும் நாற்காலி என்று ஒன்றை வாங்கியதில்லை. கயிற்றுக் கட்டில் உண்டு. அதுவும் பண்ணைக்காரர் தெருப்பக்கம் வருவது தெரிந்தால் எழுந்து நிற்பதற்கென்றே இருந்தது போல இருக்கும் என்பார் அப்பா. ஆக முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பாத்திரம்கூட முழுதாக இல்லாத வீட்டுக்கு, இரண்டு நாற்காலி. ஏன் இரண்டு என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணு வாங்குனா நான் உக்காந்திருப்பேன், வர்றவன் நிப்பான்."

அதனால்தான் அவருக்கு ஒரு விதி உண்டு. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், தபால்காரரோ கேஸ் சிலிண்டர் போடுபவரோ, நின்றுகொண்டு பேசக் கூடாது. சிறுவயதில் எனக்கு இது தொல்லையாக இருந்தது. கிரிக்கெட் பேட்டை இரவல் கேட்டு வந்த பையனைக்கூட உட்கார வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்.

தாத்தா மட்டும் உட்காரவில்லை. மாதம் ஒருமுறை புவனகிரியிலிருந்து பஸ் ஏறி சிதம்பரம் வருவார். நாற்காலிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்காருவார். "மேல உக்காருப்பா" என்றால் "எனக்கு இதான் சொகமா இருக்கு" என்பார். அப்பா கோபித்துக்கொண்டு தானும் தரையில் உட்காருவாராம். இரண்டு நாற்காலிகளும் காலியாக இருக்க, அப்பனும் மகனும் கீழே. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மத்தியானம், சமையல்கட்டிலிருந்து பார்த்திருக்கிறார். தாத்தா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். பின்னால் சாயவில்லை. வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார். வந்தது அப்பாதான். அம்மா இதை அப்பாவிடம் பல வருடம் சொல்லவில்லை.

இவ்வளவும் தெரிந்தும், அந்த நாற்காலிகள் என் சாம்பல் நிறக் கூடத்தில் ஒட்டாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மாவும் என் கட்சி. சரி, சோபா வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று நிறுத்தினோம்.

வந்தது. அழகாகத்தான் இருந்தது. அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார். சோபாவின் ஆழம் அதிகம், உயரம் கம்மி. பின்னால் சாய்ந்தால் அவருக்குக் கால் தரையில் பாவாது. எழுந்திருக்கும்போது ஊன்றிக்கொள்ள நடுவில் கைப்பிடியும் கிடையாது. மூட்டு வலிக்காரர்கள் இடுப்பைவிட முழங்கால் மேலே இருக்கும்படி உட்கார்ந்தால் எழுவது பெரும்பாடு. நான் அளந்தது கூடத்தை மட்டும்தான், அப்பாவை அளக்கவில்லை.

வேறொன்றும் நடந்தது. சிலிண்டர் போடுகிற அண்ணன் வந்தார். அப்பா வழக்கம்போல "உக்காருங்க" என்றார். அவர் சோபாவைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார். "வேணாம் சார், வேர்வையா இருக்கு" என்று நின்றபடியே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்தவர் மீன் கொண்டுவரும் அம்மா. அவர் கூடத்துக்குள்ளேயே வரவில்லை. முன்பெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேவனாம்பட்டினத்துக் கதையெல்லாம் பேசுவார். ஒரு மாதத்துக்குள் அம்மா சோபா மேல் பெட்ஷீட் விரித்தார். பிறகு அதன் மேல் ஒரு துண்டு. நாங்களே அதில் ஜாக்கிரதையாக உட்கார்ந்தோம்.

ஒரு சனிக்கிழமை, பாத்திரம் தேய்க்க வரும் அக்கா தன் மகளையும் அழைத்து வந்திருந்தார். பள்ளிக்கூடம் திறக்கவில்லை, வீட்டில் தனியாக விட முடியாது. ஏழு வயது இருக்கும். நான் லேப்டாப்பில் இருந்தேன். அந்தப் பிள்ளை சோபா மேல் ஏற, அம்மா சமையலறையிலிருந்தே, "பாப்பா, கீழ உக்காரும்மா. அழுக்காயிடும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. செல்லமாகத்தான் சொன்னார். பிள்ளையும் இறங்கிக்கொண்டது. பின்கட்டிலிருந்து அக்காவும், "கீழ உக்காருடி" என்று குரல் கொடுத்தார்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. சோபாவிலிருந்து எழுந்து அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்க எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். இந்தத் துணியில் கறை பட்டால் போகாது, பார்த்துக்கோ என்று சோபா வந்த நாளிலேயே சொன்னவன் நான். அந்த வாக்கியத்தை அவர் வாயில் வைத்தது நான்தான்.

அதே அக்டோபரில் அந்தப் படம் வந்தது. புவனகிரிப் பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சி. 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்த தலித் பெண் தலைவர். கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். படம் பரவியதும் ஊராட்சிச் செயலாளரைப் பணி இடைநீக்கம் செய்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. என் போனில் எல்லாக் குழுவிலும் அந்தப் படம்தான். அப்பா போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். "எத்தன பேரு வருவாங்க, எத்தன நாற்காலின்னு ஒருத்தன் எண்ணித்தானடா எடுத்துப் போட்டிருப்பான்?" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் அலுவலகக் கூட்டங்களுக்கு நாற்காலி போடச் சொன்னவர், அதற்கு முன்னால் தானே போட்டவர்.

அன்றிரவு நான் படித்துக்கொண்டிருந்தது எட்வர்ட் ஹால் 1966-ல் எழுதிய ஒரு புத்தகம், மனிதர்கள் இடைவெளியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது பற்றி. அதில் ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் கனடாவின் சஸ்காட்சுவனில் ஒரு மருத்துவமனையில் செய்த ஆய்வு வருகிறது. மூதாட்டிகள் தங்கியிருந்த புத்தம் புதிய வார்டு, நல்ல சாமான்கள், ஆனால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நாற்காலிகள் எல்லாம் சுவரை ஒட்டி வரிசையாகக் கிடந்தன. சாப்பாட்டு மேசைகளில் கவனித்தபோது, மேசையின் மூலையில் ஒருவருக்கொருவர் சாய்கோணத்தில் உட்கார்ந்தவர்கள் அருகருகே உட்கார்ந்தவர்களைப் போல இரண்டு மடங்கும், நேர் எதிரே உட்கார்ந்தவர்களைப் போல ஆறு மடங்கும் பேசினார்கள். வார்டில் சிறு மேசைகளைச் சுற்றி நாற்காலிகளை மாற்றிப் போட்ட பிறகு பேச்சு கூடியது.

நம் ஊர் வீடுகளில் நாற்காலி எப்போதும் சுவரோடுதான் இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போட்ட மாதிரி. நடுவில் வெறும் தரை, எல்லார் முகமும் டிவிக்கு. எல் வடிவ சோபாவின் சூட்சுமமே அந்த மூலைதான். ஆனால் அது வீட்டு ஆட்களுக்கான மூலை. வெளியிலிருந்து வருகிறவர் அவ்வளவு உள்ளே வந்து உட்கார மாட்டார்.

பரங்கிப்பேட்டை நண்பன் ஒருவனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோபா என்ற சொல்லே அரபியில் சுஃப்பாவிலிருந்து வந்தது என்றான். நம் திண்ணை மாதிரி ஒரு மேடை. மதீனாவில் நபியின் பள்ளிவாசலை ஒட்டி அப்படி நிழலான ஓர் இடம் இருந்தது, வீடு வாசல் இல்லாதவர்கள் தங்கியது அங்கேதான், திண்ணைத் தோழர்கள் என்றே அவர்களுக்குப் பெயர் என்றான். நான் பெட்ஷீட்டும் துண்டும் போர்த்திக் கிடக்கும் என் சுஃப்பாவைப் பார்த்தேன்.

மறுநாள் மர நாற்காலிகளைப் படிக்கட்டுக்குக் கீழிருந்து எடுத்துக் கழுவினேன். ஒன்றின் கால் ஆடியது. ஆசாரியைக் கூப்பிட்டு ஆப்பு வைத்தோம். பச்சை வயரை அறுத்துப் போட்டு மறுபடி பிரம்பு பின்னலாம் என்றேன். அப்பா வேண்டாம் என்றார், பிரம்பில் ஈரம் பட்டால் உப்பிவிடும், வயர் என்றால் துடைத்துக்கொள்ளலாம். சிலிண்டர் அண்ணனின் வேர்வையை நினைத்துச் சொன்னாரா என்று கேட்கவில்லை. வயர் மட்டும் புதிது, பச்சையே.

பிறகு மறுபடி தினசரித் தாள். இரண்டு நாற்காலிகளையும் எதிர்ச்சுவரில் ஒட்டிப் போடுவதாகத்தான் என் பழைய திட்டம். இப்போது ஒன்றை நீளக் கையின் கிழக்கு முனையில், வாசலிலிருந்து நாலு எட்டில், சோபாவுக்குச் சாய்கோணமாகப் போட்டோம். வெறுங்காலோடு உள்ளே வருகிறவர் டீப்பாயைச் சுற்ற வேண்டியதில்லை. இன்னொன்று அப்பாவுக்கு, அதற்கு ஒன்றரை அடி தள்ளி. டிவி அவருக்குக் கொஞ்சம் பக்கவாட்டில்தான் தெரியும். கழுத்து வலிக்கிறது என்று முனகுவார், மாற்றிப் போடவா என்றால் வேண்டாம் என்பார். படங்களில் வருகிற மாதிரி இல்லை. பச்சை வயரும் சாம்பல் துணியும் சுத்தமாகப் பொருந்தவில்லை. வீடியோ காலில் பார்த்த என் மேலாளர், வின்டேஜா என்று கேட்டார்.

சிலிண்டர் அண்ணன் இப்போது உட்காருகிறார். தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். மீன்கார அம்மா கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வருகிறார். அந்தப் பிள்ளை அப்பாவின் நாற்காலியில்தான் ஏறுகிறது, அப்பா இருந்தாலும்.

பாத்திரம் தேய்க்கும் அக்கா மட்டும் இன்னும் ஒரு வேலை செய்கிறார். டீ குடிக்க அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதை சோபாவிலிருந்து ஓர் அடி பின்னுக்கு இழுத்துக்கொள்வார். சேலை சோபாவில் படக் கூடாது என்றா, அம்மாவின் குரல் இன்னும் காதில் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு அப்பா கைப்பிடியைப் பிடித்து அதை முன்னால் தள்ளி வைப்பார். மறுநாள் அக்கா இழுப்பார், அப்பா தள்ளுவார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. டைல்ஸில் கீறல் விழுகிறது என்று அம்மா நாலு கால்களுக்கும் ரப்பர் மூடி வாங்கி மாட்டியிருக்கிறார்.