துறைமுகத்து வீட்டில் ஒரு மருள்

திருகோணமலையில் உள்துறைமுகத்தை அடுத்துக் குடியிருப்போர்க்குக் கடற்காற்றில் குறைவில்லை. ஆயினும் நாம் வாழும் வீடு தடித்த சுவரும் ஒடுங்கிய யன்னல்களும் கொண்ட பழைய வீடாதலால், உச்சி வேளையிலும் அதன் நடுக்கூடம் இருண்டே கிடக்கும். சென்ற ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட நம் மகள், தான் ஆசையோடு வளர்த்த பூச்சாடி ஒன்றை அக்கூடத்தில் வைத்து, "அப்பா, இதைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று ஒப்படைத்துச் சென்றாள். வாள்போல் நிமிர்ந்த இலைகள். கரும்பச்சையிற் பாம்பின் மேனியை ஒத்த வரிகள். ஓரமெங்கும் சேலைக் கரைபோலப் பொன்னிறம். செடி விற்போர் இதனை 'ஸ்நேக் பிளான்ட்' என்பர். அந்தப் பொன்னிறக் கரை நம் கையில் பட்ட பாட்டைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

வைகாசி பிறந்ததும் கச்சான் காற்று எழுந்தது. நிலத்தின் மேலாக வெம்மையை வாரிக்கொண்டு வரும் அக்காற்றில் நமக்கே நா வறண்டது. செடிக்கும் அவ்வாறே இருக்குமென்று கருதி நாள்தோறும் ஒரு செம்பு நீர் வார்த்தோம். சாடியின் அடித்தட்டில் நீர் தேங்கி நின்றதைக் கண்டு மகிழவும் செய்தோம்! ஆனி முடியுமுன் இலைகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. ஒன்றைப் பற்றித் தூக்கினோம். அடி கூழாகிக் கையோடு வந்தது. நாற்றமோ சொல்லுந்தரமன்று.

அந்த வாரம் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போகும் வழியிற் பாறையோரப் பற்றைகளுக்கிடையே கண்ட ஒரு காட்சி நம்மை நாணச் செய்தது. மாதக்கணக்கில் மழை காணாத மண்ணில், முள்மரங்களின் அரைநிழலில், இதே குடும்பத்துச் செடி கூட்டங்கூட்டமாய் நிமிர்ந்து நின்றது. அதுதான் நம் மருள். 'சான்சிவேரியா சைலானிக்கா' என்ற அதன் தாவரவியற் பெயரிலேயே இலங்கையின் பெயர் இருக்கிறது. சிங்களத்தில் அது நியந்த. அதன் நார் வில்லுக்கு நாணாகும் வலிமையுடையதாதலின் ஆங்கிலேயர் அதனை வில்நாண் சணல் என்றனர். சங்கச் சான்றோர் மரல் என்றதும் இவ்வினத்தையே. மழை பொய்த்த காட்டில் மரையா மரலைத் தின்னும் காட்சி பாலைக்கலியில் உண்டு; பிரட்றிக் கோட்டையிலும் கடற்கரையிலும் திரியும் மான்களை அறிந்த நம் மாணவர்க்கு அதனை விளக்குதல் எளிது. மகளின் சாடியில் இருந்தது மேற்காபிரிக்காவிலிருந்து வந்த உறவினம். 2017ஆம் ஆண்டுக்குப் பின் தாவரவியலார் இவையனைத்தையும் டிரசீனா என்னும் பேரினத்துள் அடக்கிவிட்டனர்.

ஏனைய செடிகள் பகலில் இலைவாய்களைத் திறக்க, இச்செடியோ பெரும்பாலும் இரவிலேயே திறந்து காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொள்கிறது; பகல் வெயிலில் வாயை மூடி நீரைக் காக்கிறது. இலையிலும் நிலத்தடிக் கிழங்கிலும் நீரைச் சேமித்து வைத்திருக்கும் இதற்கு நாம் வார்த்த செம்பு நீரே நஞ்சாயிற்று.

அழுகியதை வெட்டி எறிந்தோம். தேறிய இலைகளை நான்கு விரல் நீளத் துண்டுகளாக்கி, வெட்டுவாய் காயச் சில நாள் நிழலில் வைத்து, அடிப்பக்கம் மாறாமல் மணலில் நட்டோம். கிழங்கிலும் ஒரு விரலளவு மட்டும் உறுதியாயிருந்தது. அதனைத் துளையுள்ள மண்சாடியில், மணலும் செங்கற்தூளும் கலந்த மண்ணில், கிழக்கு யன்னலோரம் வைத்தோம். இப்போது இரண்டு அங்குல ஆழத்துக்கு மண் காய்ந்தாலன்றி நீர் இல்லை. வாடை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையே மிகுதி. இலையைக் கடித்தால் வாந்தி உண்டாகுமாதலால் பூனைக்கும் சிறு குழந்தைக்கும் எட்டாமல் வைத்தல் நன்று.

இச்செடி வீட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் என்று அயலவர் நமக்கு ஆறுதல் கூறுவதுண்டு. 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வொன்றிலிருந்து பரவிய கதை அது; அச்சோதனை நடந்ததோ மூடிய சிறு அறைகளில். ஒரு சாதாரண கட்டடத்துக் காற்றோட்டத்துக்கு ஈடுசெய்ய ஒரு சதுர மீற்றருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டுமென்று 2019இல் ஆய்வாளர் கணக்கிட்டனர். துறைமுகக் காற்று வரும் யன்னலைத் திறந்துவைப்பதே மேல்.

இலைத்துண்டுகள் வேர்கொள்ள மாதங்கள் சென்றன. ஆறு துண்டுகளிற் குருத்துக் கண்டபோது நாம் அடைந்த மகிழ்ச்சி பரீட்சைப் பெறுபேறு கண்ட மாணவன் மகிழ்ச்சியே. ஆனால் குருத்துகள் வளர வளர, ஒன்றிலும் பொன்னிறக் கரையைக் காணோம்! பின்னரே நூல்களைப் புரட்டினோம். அக்கரையும் நடுப்பச்சையும் வேறுவேறு கலங்களாலானவை. இலைத்துண்டிலிருந்து எழும் குருத்து உள்ளிருக்கும் பச்சைக் கலங்களிலிருந்தே பிறப்பதால் கரை வாய்ப்பதில்லை. கிழங்கைப் பிரித்து நட்டாற்றான் அது தொடரும். நம்மிடம் எஞ்சியதோ அந்த விரலளவுக் கிழங்கு.

கார்த்திகையில், மழை கொட்டிய ஒரு காலையில், அச்சாடியில் ஒரு முனை வெளிப்பட்டது. இப்போது அது நம் பெருவிரல் உயரம். ஓரத்தில் நூலிழையளவு மஞ்சள் தெரிகிறது. காலை வெளிச்சத்தில் மூக்குக்கண்ணாடி அணிந்து பார்த்தால் ஐயமின்றித் தெரிகிறது.

மகள் விடுமுறைக்கு வர இன்னும் மூன்று வாரம் உண்டு. நேற்றிரவு தொலைபேசியில், "அப்பா, என்ட செடி சுகமோ?" என்று கேட்டாள். சாடிகள் ஏழாகிவிட்டன என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.