மகன் பெயர் பொறித்த காப்பு

அமெரிக்காவில் 1917இல் தொடங்கிய வழக்கம் அது. பிள்ளை படைக்குப் போன வீட்டுச் சன்னலில், சிவப்புக் கரை போட்ட வெள்ளைக் கொடி தொங்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு நீல நட்சத்திரம். அவன் போரில் இறந்தால் அது பொன்நிறமாக மாறும். எதிரியிடம் சிறைப்பட்ட மகனின் தாய்க்கு அந்தக் கொடியில் தனி நிறம் கிடையாது.

வியட்நாம் போர்க் காலத்தில் அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தவர்கள் இரண்டு கல்லூரி மாணவிகள். கேரல் பேட்ஸ், கே ஹன்டர் என்ற அந்தக் கலிபோர்னியாப் பெண்கள் 1970இல் உலோகக் காப்பு ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். அதில் சிறைப்பட்ட அல்லது காணாமற்போன வீரரின் பெயர், பதவி, தொலைந்த தேதி. விலை இரண்டரை டாலர். ஆள் திரும்பும்வரை கழற்றக் கூடாது என்பது பேச்சு.

ஏறத்தாழ 50 லட்சம் காப்புகள் போய்ச் சேர்ந்தன. பெற்றவள் மட்டும் சுமந்த பெயரை, அவளை ஒருநாளும் பார்த்திராத பள்ளிச் சிறுமியும் கையில் சுமந்தாள்.

1973இல் 591 பேர் விடுதலையாகி வந்தார்கள். அவர்களில் பலருக்குத் தபாலில் காப்புகள் வந்து குவிந்தன.

வராதவர்களின் காப்புகளைப் பலர் வாஷிங்டனில் 1982இல் எழுப்பிய, வீரர் பெயர்கள் பொறித்த வியட்நாம் போர் நினைவுச் சுவரடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே காணாமற்போனவரின் பெயரருகே சிறு சிலுவை இருக்கும். உடல் அடையாளம் காணப்பட்டால் அதை வைர வடிவமாகச் செதுக்கி மாற்றுவார்கள். சுவரடியில் சேரும் பொருள்களைத் தேசியப் பூங்காத் துறை எடுத்துப் பாதுகாத்துவருகிறது.