பதினேழு பிழைகள்

கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கிறான் என்றாலே, "புரோகிராம் எழுதத் தெரியுமா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எழுதியது சரிதான் என்று எதை வைத்துச் சொல்வாய் என்று கேட்பவர் குறைவு.

எங்கள் குழுவின் புராஜெக்ட், ஒரு சிறு நூலகத்துக்குப் புத்தகம் இரவல் கொடுக்கும் புரோகிராம். 2,000 வரிகள். ஒரு மாதம் சோதித்ததில் 17 பிழைகள் அகப்பட்டன. ஆயிரம் வரிக்கு எட்டரை! இதைப் பிழை அடர்த்தி என்பார்கள். வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறவர். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். "சரிப்பா, இன்னும் எத்தனை உள்ளே இருக்கு?" என்றார்.

யாரால் பதில் சொல்ல முடியும்? 17 என்பது நன்றாகத் தேடியதாலும் வரலாம். புரோகிராமே மோசம் என்பதாலும் வரலாம். எண்ணிக்கைக்குத்தான் மார்க் என்றால், ஒரே பிழையை மூன்றாக உடைத்து எழுதிவிட மாட்டோமா? நாம் யாருக்கு இளைத்தவர்கள்!

பட்டறையில் கண்ணாடிமேல் சாயக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். விரிசல் விட்டது, சாயம் கலங்கியது எல்லாம் ஒதுங்கிவிடும். "ஒதுக்குனத மட்டும் எண்ணுனா போதாது. பதிச்ச பிறகு வீட்டுக்காரர் எத்தனை கல்லுக்குக் குறை சொல்றாரு, அதையும் சேரு" என்பார் அப்பா.

சாப்ட்வேரிலும் இதே கணக்கு உண்டு. கொடுப்பதற்கு முன் பிடித்த பிழைகளை, முன்னும் பின்னும் அகப்பட்ட மொத்தப் பிழைகளால் வகுக்க வேண்டும். முன்னே 17, பின்னே 3 என்றால் 85 சதவீதம். இப்படி எண்ணி எண்ணித் திருத்தும் பழக்கத்தால்தான், 1993-லேயே பெங்களூர் மோட்டோரோலா சாப்ட்வேர் மையம் சி.எம்.எம். தர அளவில் உச்சமான 5-ஆம் நிலையை எட்டியது.

அந்தக் கணக்கும் இடத்துக்கு இடம் மாறும். ஏரியன் 4 ராக்கெட்டில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் பகுதியை, அப்படியே ஏரியன் 5-ல் வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். ஓர் எண் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. 1996 ஜூன் 4 அன்று, கிளம்பிய சுமார் 40 விநாடியில் ராக்கெட் வெடித்தது. நிழலில் பதித்த கல்லை வெயில் முற்றத்துக்கு மாற்றினால் அதைத் திரும்பச் சோதிக்க வேண்டாமா?

இப்போது எங்கள் நோட்டில் மூன்று கட்டம் போட்டிருக்கிறோம்: என்ன பிழை, ஏன் வந்தது, முதலில் யார் கண்ணில் பட்டது. அடுத்த வாரம் நூலகர் அக்கா புரோகிராமைத் தொடுகிறார். அவருக்கென்று ஒரு முழுப் பக்கம் காலியாக விட்டிருக்கிறோம்.